மார்கழிக் குளிரும் சின்ன டீசல் காரும்

(குத்தாலத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கார் ஹீட்டரைப் பற்றிக் குத்தாலத்தில் வந்து பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். ஏசி வேலை செய்யவில்லை என்பதுதான் நம் ஊர்க் கவலை. ஆனாலும் இந்தச் சின்னப் பொருள் எனக்கு ஒரு கணக்கைத் தீர்த்து வைத்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம்மில் பலர் வயல்காட்டுப் பிள்ளைகள். ஆயில் இன்ஜின் பம்புசெட் ஓடும்போது, இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியாக வெதுவெதுப்பாக வெளியே விழும். மார்கழிக் காலையில் அதில் கை நனைத்து நின்றிருப்போம். காரின் ஹீட்டரும் அதுதான். இன்ஜினைச் சுற்றி வந்த சூடான நீரை ஒரு சிறு ரேடியேட்டருக்குள் விட்டு, அதன்மேல் விசிறிக் காற்றைச் செலுத்துகிறார்கள். தனியாக எரிபொருள் செலவில்லை. வீணாகப் போகும் வெப்பம் உள்ளே வருகிறது. நம் குத்தாலம் எரிவாயு மின் நிலையமும் இதே சிக்கனத்தைத்தான் பெரிய அளவில் செய்கிறது. அதன் திறன் 101 மெகாவாட். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எரிவாயுச் சுழலி கழித்துவிடும் சூட்டில் நீராவி உண்டாக்கி, இன்னொரு சுழலியை ஓட்டி எடுப்பது. மாணவர்களை அழைத்துப் போக முடியாவிட்டாலும் பாடத்தில் சொல்லலாம்.

சரி, வீணாகும் வெப்பமே குறைந்துவிட்டால்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் ஜெர்மனியில் மகள் வீட்டில் இருந்தேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. மருமகனின் சின்ன டீசல் காரில் ஏறினோம். இன்ஜின் வெப்பமானியின் முள் அடியிலேயே கிடந்தது. ஆனால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெதுவெதுப்பான காற்று வந்தது. இன்ஜின் சூடாகவில்லை, காற்று எப்படிச் சூடானது?

புதிய டீசல் இன்ஜின்கள் திறன் மிக்கவை. நல்ல நிலையில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதத்தை வேலையாக மாற்றிவிடும். அதோடு, மெதுவாக ஓடும்போது டீசல் இன்ஜின் நிறையக் காற்றை இழுத்து, மிகக் கொஞ்சம் எரிபொருளையே எரிக்கும். ஆகவே நீர் சூடாக நெடுநேரமாகும். அதுவரை பனி படிந்த கண்ணாடியோடு ஓட்ட முடியுமா? அதனால் அந்த நாடுகளில், ரேடியேட்டருக்கு அடுத்தாற்போல் காற்றுக் குழலிலேயே ஒரு மின் ஹீட்டரையும் வைத்துவிடுகிறார்கள்.

அதன் திறன் சுமார் 1000 வாட். நம் இஸ்திரிப் பெட்டி அளவுதான். வீட்டில் 230 வோல்ட்டில் அது 4 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். காரில் 14 வோல்ட்டில்? 70 ஆம்பியருக்கு மேல்! பத்தாம் வகுப்பு மின்திறன் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பேட்டரியை மட்டும் நம்பினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே இன்ஜின் ஓடும்போது மட்டும், ஆல்டர்னேட்டரின் தெம்பைப் பார்த்துப் படிப்படியாக இயக்குவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சுமையை இழுக்க இன்ஜின் கூடுதலாக எரிக்கிறது. அதனாலேயே அதுவும் சீக்கிரம் சூடாகிறது.

மருமகன் பழைய ஹீட்டர் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். நிக்ரோம் கம்பியைத் தேடினேன். இல்லை. அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன பீங்கான் வில்லைகள். பேரியம் டைட்டனேட் என்ற பொருள். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரை மின்னோட்டத்தை நன்றாக விடும். அதைத் தாண்டினால் அதன் மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் ஏறிவிடும். சூடு ஏறினால் மின்னோட்டம் தானே குறையும். விசிறி நின்றாலும் அது தீப்பற்றும் அளவுக்குச் சூடாகாது. காவலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம், பொருளே காவல்.

அந்த வில்லையைக் கையில் வாங்கியதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “சார், கொசுவர்த்தி மிஷின் ராத்திரி பூரா எரியுது, ஏன் சூடு ஏறிக்கிட்டே போகல?” உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கும் என்றேன். மறுநாள் கெட்டுப்போன மிஷினைப் பிரித்துக் கொண்டுவந்தான். உள்ளே காசு போல ஒரு வில்லை மட்டும்தான். “மீதியை எங்கேயோ தொலைச்சிட்ட, போய் உட்காரு” என்றேன். வகுப்பே சிரித்தது. பிறகு அவன் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை.

நீங்கள் வகுப்பில் செய்து பார்க்க ஒன்று. இண்டிகேட்டர் விளக்கு இல்லாத கொசுவர்த்தி மிஷினை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கை முழுவதும் பிடுங்கிவிட்டு, உடனே அதன் இரு பின்களில் மல்டிமீட்டரை வையுங்கள். ஆற ஆற மின்தடை இறங்குவதைப் பிள்ளைகள் எண்ணிலேயே பார்க்கலாம். சில மாடல்களில் சாதாரண ரெசிஸ்டர்தான் இருக்கும். அதில் எண் அவ்வளவாக நகராது. அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மிஷினை மட்டும் பிள்ளைகள் பிரிக்க வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது மயிலாடுதுறையில் ஒயரிங் வேலை செய்கிறான். ஊர் திரும்பியதும் தேடிப் போனேன். ஏணியிலிருந்து இறங்கி வந்தான். “தம்பி, நீ எதையும் தொலைக்கல. எனக்குத்தான் தெரியல” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். “அந்த வில்லை இன்னும் வீட்ல இருக்கு சார்” என்றான்.