வாய்க்கால் வெட்டும் குடும்பங்கள்



கணக்குத் தணிக்கைக்கு வந்தவன் வாய்க்காலைப் பற்றிப் பேசுவானேன் என்று நினைப்பீர்கள். தவணை தவறிய கடனுக்குக் காரணந் தேடினால், பலமுறை மதகடியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கடைமடைக்கு நீர் எட்டாதவர் எதைக் கொண்டு கடனைக் கட்டுவார்?

வீட்டுக்கு ஓராள் வந்து வரத்துக்காலைத் தூர் வாருவது குடிமராமத்து என்னும் பழைய வழக்கம். வராதவரிடம் பணம் வசூலிக்க 1858-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் இடந்தந்தது. எனினும் வழக்கம் நலிந்தே போயிற்று. 2017-இல் தமிழக அரசு அப்பெயராலேயே ஒரு திட்டந் தொடங்கியது.

சட்டம் செய்யாததைக் குடும்பங்கள் செய்யக் கண்டேன். ஒரு கிராமத்தில் புருஷன் வெட்ட, மனைவி கூடை சுமக்க, பிள்ளைகள் காட்டாமணக்கைப் பிடுங்கினார்கள். புதைந்த மதகுக்கல் இருந்த இடத்தைக் காட்டியவர் ஒரு பாட்டியார். எங்கள் அளவுப்படத்தில் அது இல்லை! மண்ணைக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். தமக்குப் பதிலாகக் கூலியாளை அனுப்பிய ஒரு பெரிய மனிதரின் பங்கில் மட்டும் மண் கரை விளிம்பிலேயே கிடந்தது. முதல் மழையில் அது மீண்டும் வாய்க்காலில் இறங்கியது. நீர் முட்டியது அவருக்கன்று, அவருக்குக் கீழேயிருந்த ஏழைக் குடியானவருக்கு.

வரும் ஞாயிறன்று இவ்வூரில் வேலை தொடங்குவதாகப் பஞ்சாயத்தார் சொல்லுகிறார்கள். வீட்டாரோடு வாருங்கள். நானும் வருகிறேன், மண்வெட்டி ஒன்று யாரேனும் இரவல் தர வேண்டும்.